விழாத கொடி: ஒரு பாஸ், ஒரு மோதல், ஓராண்டே உயிரோடிருந்த விதி

அமெரிக்கக் கால்பந்தில் நடுவர்கள் தவறவிட்ட தீர்ப்புகளுக்குப் பஞ்சமே கிடையாது. பெரும்பாலானவை ஒரு வாரப் புலம்பலோடு முடிந்துவிடும். 2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸில், பந்து வரும் முன்பே ஒருவர் இடிக்கப்பட்டும் நடுவர் கொடி வீசாமல் போனது அப்படி முடியவில்லை. இரண்டே மாதத்தில் அது விதிப்புத்தகத்தைத் திருத்தவைத்தது. அடுத்த ஆண்டே அந்தத் திருத்தமும் காணாமல் போனது. நடுவர் வேலை பார்ப்பவர்களும் எந்த விளையாட்டிலாவது விதி எழுதும் இடத்தில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்பதால் தொடக்கத்திலிருந்து எழுதிவைக்கிறேன். வீரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள் யாரையும் பெயர் சொல்லவில்லை. அணிகளும் தேதிகளும் உள்ளபடியே இருக்கின்றன.

## பின்னணி: எதுவரை தொடலாம்?

கபடியும் ரக்பியும் பார்த்தவர்களுக்கு உடல் மோதல் புதிதல்ல. ஆனால் இந்த ஆட்டத்தில், பந்து இன்னும் கைக்கு வராத ஆளைத் தொடுவதற்குத் தனிக் கணக்கு உண்டு. குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிக்க ஓடுபவர் ரிசீவர். அவர் கூடவே ஒட்டி ஓடித் தடுப்பவர் பெரும்பாலும் கார்னர்பேக். ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 யார்டு வரை கார்னர்பேக் ரிசீவரை முட்டலாம், தள்ளலாம். அதைத் தாண்டினால் கையை எடுத்துவிட வேண்டும். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். இந்த 5 யார்டு எல்லையை 1978-ல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ரிசீவரை வழி நெடுக இடித்துக்கொண்டே போன கார்னர்பேக்குகள் இருந்தார்கள். பிட்ஸ்பர்க் அணியில் இருந்த ஒருவர் அதில் பேர்போனவர். அவர் பெயரைச் சொல்லியே இந்த விதியைக் குறிப்பிடுபவர்கள் இன்றும் உண்டு. ஆக, ஒரே ஆளை மனதில் வைத்து விதி எழுதுவது இந்த லீகுக்குப் புதிதல்ல, அது நன்றாக வேலை செய்ததும் உண்டு. இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து எறியப்பட்டு காற்றில் இருக்கும்போது கணக்கு மாறும். அப்போது இருவருக்குமே பந்தைப் பிடிக்க உரிமை உண்டு. இருவரும் பந்தைப் பார்த்துத் தாவி, அதில் மோதிக்கொண்டால் தவறில்லை. ஆனால் பந்தைப் பார்க்காமல் ஆளை மட்டும் பார்த்துப் போய் இடித்தாலோ, பந்து வரும் முன்பே கையைப் பிடித்து இழுத்தாலோ, முதுகுவழியாக மேலே ஏறினாலோ அது பாஸ் இன்டர்ஃபியரன்ஸ். எப்படியும் பிடிக்க முடியாத பந்து என்றால் குற்றமில்லை. நடுவர் குற்றம் கண்டால் இடுப்பிலிருந்து மஞ்சள் கொடியை உருவி வீசுவார்.

தண்டனைதான் இதில் பெரிய விஷயம். பந்தை 10 யார்டு முன்னேற்ற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள், ஒவ்வொன்றும் ஒரு டவுன். 5 யார்டு எல்லையை மீறித் தொட்டால் எதிரணிக்கு 5 யார்டும் ஒரு புது முதல் டவுனும் போகும். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்றால் குற்றம் நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும். அது 40 யார்டு தூரத்தில் இருந்தாலும் சரி. எண்ட் ஜோனுக்குள், அதாவது புள்ளி எடுக்கப் பந்தைக் கொண்டுசேர்க்க வேண்டிய கடைசிப் பகுதிக்குள், நடந்தால் பந்து 1 யார்டு கோட்டுக்கு வந்துவிடும். கல்லூரி ஆட்டத்தில் இதற்கு உச்சவரம்பு 15 யார்டு. தொழில்முறை ஆட்டத்தில் வரம்பே இல்லை. ஒரு கொடி ஆட்டத்தையே புரட்டிப்போடும் என்பது கொடியைக் கையில் வைத்திருப்பவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது லேசான காரியம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைய விதிப்படி பாஸ் இன்டர்ஃபியரன்ஸை வீடியோவில் பார்த்து மாற்ற முடியாது. கால் கோட்டுக்குள் இருந்ததா, பந்து தரையைத் தொட்டதா என்பதையெல்லாம் பார்க்கலாம். இதை மட்டும் கூடாது.

## ஆட்டம்: கடைசி இரண்டு நிமிடம்

லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான என்.எஃப்.சி.யின் இறுதி ஆட்டம். ஜெயிப்பவர் லீகின் சாம்பியன் யார் என்று முடிவுசெய்யும் சூப்பர் பௌலுக்குப் போகலாம். சொந்த ஊர் சூப்பர்டோமில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், எதிரே லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். நான்காவது குவார்ட்டரில் 20-20.

நீளமான ஒரு பாஸ் பிடித்து செயின்ட்ஸ் ராம்ஸின் 13 யார்டு கோட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சம். முதல் டவுனில் ஓடாமல் பாஸ் எறிந்தார்கள். அது தரையில் விழுந்தது, கடிகாரம் நின்றது. இரண்டாவது டவுனில் ஓடினார்கள், ஒரு யார்டும் கிடைக்கவில்லை. ராம்ஸ் டைம்-அவுட் எடுத்தார்கள். மூன்றாவது டவுன், 10 யார்டு வேண்டும், 1 நிமிடம் 49 நொடி மிச்சம்.

## அந்த ஒரு நொடி

அந்த வீடியோவை எத்தனை முறை ஓடவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. மெதுவாக ஓட்டினால் இப்படி இருக்கிறது.

செயின்ட்ஸின் ரிசீவர் வலது எல்லைக்கோட்டுப் பக்கம் ஓடுகிறார். அவரைப் பிடிக்க வேண்டிய ராம்ஸின் கார்னர்பேக் பின்தங்கிவிட்டார். மைதானத்தின் குறுக்கே பாய்ந்து வருகிறார். குவார்ட்டர்பேக் பந்தை எறிந்தாயிற்று. ரிசீவரின் முகம் பந்தைப் பார்த்திருக்கிறது, கைகள் இப்போதுதான் மேலே எழுகின்றன. கார்னர்பேக் ஒருமுறைகூடப் பந்தின் பக்கம் திரும்பவில்லை. அவர் பார்ப்பது ஆளை மட்டும்தான். முழு வேகத்தில் வந்து மோதுகிறார், ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடிக்கின்றன. ரிசீவர் சாய ஆரம்பித்துவிட்டார், பந்து இன்னும் வந்து சேரவில்லை. அது வந்து யார் கையிலும் சேராமல் போகிறது.

நிஜ வேகத்தில் இதெல்லாம் ஒரு நொடிக்குள். ஆனாலும் நிஜ வேகத்தில் பார்த்த அரங்கம் முழுக்கக் குற்றம் தெரிந்தது. விழுந்து எழுந்த ரிசீவர் கைகளை விரித்துக்கொண்டு நடுவரைத் தேடுகிறார். கொடி விழவில்லை.

கவனியுங்கள், இதில் இருப்பது ஒரு குற்றம் இல்லை, இரண்டு. பந்து வரும் முன் மோதியது பாஸ் இன்டர்ஃபியரன்ஸ். பந்தைப் பிடிக்கும் முயற்சியில் தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தவரை ஹெல்மெட்டால் இடித்தது தனிக் குற்றம். ஒன்றை ஒரு நடுவர் தவறவிட்டாலும் இன்னொன்றுக்காவது கொடி வந்திருக்க வேண்டும்.

## களத்தில் எடுத்த முடிவும் அதன் காரணமும்

களத்தில் நடுவர்கள் ஏழு பேர். அந்த எல்லைக்கோட்டுப் பக்கம் பார்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர். பந்தும் ஆளும் ஒரே நேரத்தில் வந்தால் குற்றமில்லை. அந்த இடத்தில் இருந்தவருக்கு அப்படித்தான் பட்டது போலிருக்கிறது. தலைமை நடுவர் ஆட்டம் முடிந்ததும், அது பக்கத்தில் இருந்த நடுவரின் கணிப்பு, தான் அதைப் பார்க்கவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

இங்கே என் கருத்து ஒன்று. குற்றத்தைத் தெரிந்தே விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. இறுதி ஆட்டம், சமநிலை, கடைசி இரண்டு நிமிடம், கொடி வீசினால் ஆட்டம் அங்கேயே முடிந்த மாதிரி. அந்த நேரத்தில் மனம் தானாகவே ‘முழுசாகத் தெரிந்தால் மட்டும் வீசு’ என்று அளவுகோலை உயர்த்திக்கொள்ளும். இரண்டு பேர் பார்க்கும் இடத்தில், அவர் வீசுவார் என்று இவரும், இவர் வீசுவார் என்று அவரும் ஒரு கணம் காத்திருந்தாலே போதும். கொடி தாமதமாக விழுந்தால் தப்பில்லை. ஆனால் இறுதி ஆட்டத்தில் தாமதமாகக் கொடி வீச ஒரு தைரியம் வேண்டும்.

செயின்ட்ஸின் தலைமைப் பயிற்சியாளர் எல்லைக்கோட்டில் கத்திக்கொண்டிருந்தார். களத் தீர்ப்பை வீடியோவில் பார்க்கச் சொல்லிக் கேட்கும் சேலஞ்ச் கொடி அவரிடம் இருந்தது. விதிப்படி அதை இதற்கு வீச முடியாது.

## அடுத்து நடந்தது

கொடி விழுந்திருந்தால் செயின்ட்ஸுக்குப் புது முதல் டவுன், எண்ட் ஜோனுக்கு இன்னும் நெருக்கத்தில். கடிகாரத்தை ஏறத்தாழ முழுவதும் ஓடவிட்டுவிட்டு, கடைசியில் ஒரு குட்டி ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்துப் போயிருக்கலாம்.

நடந்தது வேறு. 31 யார்டிலிருந்து ஃபீல்டு கோல் அடித்து 23-20. ஆனால் ராம்ஸிடம் 1 நிமிடம் 41 நொடி இருந்தது. அவர்கள் முன்னேறி 48 யார்டு ஃபீல்டு கோலால் 23-23 ஆக்கினார்கள், 15 நொடி மிச்சம். ஓவர்டைமில் பந்து முதலில் செயின்ட்ஸுக்கு. குவார்ட்டர்பேக் எறியும்போதே இடிபட்டார், பந்து எதிரணி கைக்குப் போனது. ராம்ஸ் 57 யார்டிலிருந்து அடித்தார்கள். 26-23.

இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: கொடி விழாததால் மட்டும் செயின்ட்ஸ் தோற்கவில்லை. அதற்குப் பிறகும் அவர்கள் முன்னிலையில் இருந்தார்கள், ஓவர்டைமில் பந்தும் அவர்கள் கையில்தான் இருந்தது. ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், அது வேறு விஷயம்.

ஆட்டம் முடிந்த கையோடு செயின்ட்ஸ் பயிற்சியாளர், லீகின் நடுவர் பிரிவுத் தலைவரிடம் பேசிவிட்டதாகவும், தவறு நடந்ததை அவர் ஒப்புக்கொண்டதாகவும் செய்தியாளர்களிடம் சொன்னார். மோதிய கார்னர்பேக்கே, தான் பின்தங்கிவிட்டதால் டச்டவுனைத் (பந்தை எண்ட் ஜோனுக்குள் சேர்த்து எடுக்கும் 6 புள்ளி) தடுக்க முன்கூட்டியே இடித்ததாக ஒளிவுமறைவில்லாமல் பேசினார். ஹெல்மெட் மோதலுக்காக லீக் அவருக்கு 26,739 டாலர் அபராதம் போட்டது. களத்தில் கொடியில்லை, ஐந்து நாளில் அபராதச் சீட்டு. சில நாளில் லீகின் ஆணையரும் அது கொடி விழ வேண்டிய மோதல்தான் என்று பொதுவில் சொன்னார்.

ரசிகர்கள் நீதிமன்றம் போனார்கள். மிக அநியாயமான சம்பவம் நடந்தால் ஆணையர் தலையிடலாம் என்று விதிப்புத்தகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வழக்கு லூசியானா உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 செப்டம்பரில் தள்ளுபடியானது. டிக்கெட் வாங்கியவருக்கு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் உரிமைதான் உண்டு என்பது அதன் சாரம்.

ராம்ஸ் சூப்பர் பௌலில் 13-3 என்று தோற்றார்கள். மறுநாள் நியூ ஆர்லியன்ஸின் நாளிதழ் முதல் பக்கத்தைக் கிட்டத்தட்ட வெறுமையாக விட்டு, சூப்பர் பௌலா, எந்த சூப்பர் பௌல் என்று மட்டும் கேட்டிருந்தது. கோபத்தை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது.

## விதி மாறியது: 2019 மார்ச்

விதிகளைப் பரிந்துரைக்கும் குழுவில் செயின்ட்ஸின் பயிற்சியாளரும் ஓர் உறுப்பினர். குழு முதலில் தயங்கியது. வீசிய கொடியை வீடியோவில் சரிபார்ப்பது வரை சரி, வீசாத கொடியைத் தேடிப் போவது எங்கே போய் முடியும் என்ற பயம். பயிற்சியாளர்கள் விடவில்லை. வீசாத கொடிதானே பிரச்சினையே?

மார்ச் 26 அன்று ஃபீனிக்ஸில் கூடிய அணி உரிமையாளர்கள் 31-க்கு 1 என்று வாக்களித்தார்கள். எதிர்த்த ஒரே அணி சின்சினாட்டி. பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் கொடி விழுந்தாலும் விழாவிட்டாலும் வீடியோவில் ரிவ்யூ செய்யலாம். ஆட்டத்தின் பெரும்பகுதியில் பயிற்சியாளர் சேலஞ்ச் கேட்க வேண்டும். ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்திலும் ஓவர்டைமிலும் ரிவ்யூ அறையே கேட்கும். ஓராண்டுக்கு மட்டும், சோதனையாக.

ஜூனில் ஒரு வரி தெளிவுபடுத்தப்பட்டது: களத் தீர்ப்பை மாற்ற வேண்டுமானால், மோதல் எதிராளியைக் கணிசமாகத் தடுத்தது என்பதற்குத் தெளிவான, அப்பட்டமான காட்சி வேண்டும். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. மொத்தச் சிக்கலும் இந்த வரியில்தான்.

கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ்.ஸை யோசித்துப் பாருங்கள். பந்து மட்டையில் பட்டதா என்றால் பட்டது அல்லது படவில்லை. எல்.பி.டபிள்யூ.வில் பந்து ஸ்டம்பை உரசும் நிலை என்றால் ‘அம்பயர்ஸ் கால்’ என்று ஒரு மங்கலான பட்டையை வரைந்து, அதன் அகலத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பிடிக்காதவர்களுக்கும் அது எவ்வளவு என்று தெரியும். ‘கணிசமாகத் தடுத்தது’ என்பதற்கு அந்த மாதிரி அகலம் கிடையாது. தோளில் கைபட்டால் கணிசமா? ஜெர்சியை ஒரு விரல் இழுத்தால்? மெதுவாக ஓட்டினால் எல்லா மோதலும் குற்றம் மாதிரிதான் தெரியும்.

## சீசன் போன விதம்

தொடக்கத்தில் பயிற்சியாளர்கள் ஆசையாகச் சேலஞ்ச் கேட்டார்கள். நியூயார்க்கில் இருந்த ரிவ்யூ அறை பெரும்பாலும் களத் தீர்ப்பையே உறுதி செய்தது. சேலஞ்ச் தோற்றால் ஒரு டைம்-அவுட் போய்விடும். நாளாக ஆக, கண்ணெதிரே குற்றம் தெரிந்தாலும் பயிற்சியாளர்கள் கொடியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 17 அன்று பால்டிமோர் ரேவன்ஸும் ஹூஸ்டன் டெக்சன்ஸும் ஆடிய ஆட்டம் இதற்கு நல்ல சாட்சி. முதல் குவார்ட்டர், நான்காவது டவுன். டெக்சன்ஸின் ரிசீவருக்கு நீளமான பாஸ். பந்து வரும் முன்பே பால்டிமோர் கார்னர்பேக் அவரை வளைத்துப் பிடித்துவிட்டார். கொடியில்லை. பயிற்சியாளர் சேலஞ்ச் கேட்டார். ரிவ்யூ அறை பார்த்துவிட்டு, மாற்ற எதுவுமில்லை என்றது. ஆட்டம் 41-7 என்று ஒருபக்கமாகப் போனதால் முடிவை அது மாற்றியிருக்காது. ஆனால் இதற்கே கொடி வராது என்றால் வேறு எதற்கு வரும் என்ற கேள்வி அன்றைக்குப் பிறகு போகவில்லை.

ரிவ்யூ அறையில் இருந்தவர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வோம்? அளவுகோலைத் தாழ்த்தினால் ஒவ்வொரு பாஸிலும் குற்றம் கண்டுபிடித்து ஆட்டத்தை நிறுத்த வேண்டும். உயர்த்தினால் ஜனவரி மாதிரி அப்பட்டமானது மட்டும்தான் உள்ளே வரும். அப்பட்டமானதோ சீசனுக்கு ஒன்றிரண்டுதான் நடக்கும். அவர்கள் உயர்த்தினார்கள். ஆனால் எவ்வளவு உயரம் என்று யாருக்கும் சொல்லவில்லை. அது வாரத்துக்கு வாரம் மாறியதுபோல் தெரிந்தது, அதுதான் மன்னிக்க முடியாதது.

## அதே அரங்கம், 2020 ஜனவரி

இப்படியெல்லாம் கதை எழுதினால் செயற்கை என்பார்கள். 2020 ஜனவரி 5, சூப்பர்டோம், பிளேஆஃப், எதிரே மினசோட்டா வைக்கிங்ஸ். முழு நேர முடிவில் 20-20. ஓவர்டைமில் பந்து வைக்கிங்ஸுக்கு. 4 யார்டு தூரத்திலிருந்து எண்ட் ஜோன் மூலைக்கு ஒரு பந்து. வைக்கிங்ஸின் ரிசீவர் கையை நீட்டி செயின்ட்ஸ் தடுப்பாளரிடமிருந்து விலகிப் பந்தைப் பிடித்தார். டச்டவுன், 26-20. முதல் முறையிலேயே டச்டவுன் அடித்தால் அன்றைய விதிப்படி ஓவர்டைம் முடிந்தது.

ரிசீவர் தள்ளினாலும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்தான். செயின்ட்ஸுக்காகவே எழுதியது என்று ஊரே சொன்ன விதி அப்போது நடைமுறையில் இருந்தது. ரிவ்யூ அறை பார்த்தது. இரண்டு பேர் பக்கமும் மோதல் இருந்தது, மாற்றும் அளவுக்கு எதுவும் இல்லை என்று முடித்தது. என் கணிப்பில் அந்தத் தீர்ப்பு தப்பில்லை, இரண்டு கைகளும் கலந்திருந்தன. ஆனால் முந்தைய ஆண்டின் ரணத்துக்கு மருந்தாக வந்த விதி, அதே ஆட்களுக்கு ஒன்றும் செய்யாமல் சீசனை முடித்தது.

2020 மே மாதம் உரிமையாளர்கள் கூடினபோது விதியை நீட்டிக்க யாரும் முன்வரவில்லை. ஓராண்டு கெடு தீர்ந்ததும் அது தானாக உதிர்ந்தது. 31-க்கு 1 என்று வந்தது, ஒரு வாக்கெடுப்புக்கூட இல்லாமல் போனது.

## திரும்ப நடந்தால் எதை மாற்றலாம்

முதலில் அளவுகோலைப் பற்றி. ‘தெளிவான’ என்ற சொல்லை மட்டும் எழுதாமல், சீசன் தொடங்கும் முன்பே இருபது முப்பது வீடியோக்களை வைத்து, இது மாறும், இது மாறாது என்று எல்லா அணிகளுக்கும் காட்டியிருக்க வேண்டும். சொற்களால் இந்த எல்லையைப் பிடிக்க முடியாது. படங்களால் ஓரளவு முடியும். 1978-ன் 5 யார்டு விதி பிழைத்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதுவும் ஓர் ஆளை நினைத்து எழுதியதுதான், ஆனால் எல்லை தரையில் கோடாகக் கிடந்தது.

அடுத்து, சேலஞ்ச் பொறுப்பைப் பயிற்சியாளர் தலையில் கட்டியது. மேலே அறையில் இருக்கும் ஒரு நடுவர், களத்தில் இருப்பவர் காதில் உடனே ‘கொடி போடு’ என்று சொல்லும் ஏற்பாட்டைப் பலர் அப்போதே கேட்டார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் சில எளிய விஷயங்களில் ரிவ்யூ அறை நடுவர்களுக்கு உதவ அனுமதி கிடைத்தது. 2025 விதிகள் வரை பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் அதற்குள் வரவில்லை.

மூன்றாவது, தண்டனை. கல்லூரி மாதிரி 15 யார்டு உச்சவரம்பு வைத்தால் கொடி வீசும் கை லேசாகும். ஆனால் பின்தங்கிய கார்னர்பேக் 50 யார்டு பாஸுக்கு முன் ரிசீவரை வேண்டுமென்றே இழுத்துவிட்டு 15 யார்டில் தப்பிப்பார். இதில் எனக்கே இன்னும் முடிவு இல்லை.

செயின்ட்ஸ் பக்கமும் ஒன்று இருக்கிறது. 13 யார்டு கோட்டில், இரண்டு நிமிடத்துக்குள், முதல் டவுனில் பாஸ் எறிந்தது அவர்கள் எடுத்த முடிவு. அன்று அங்கே ஓடியிருந்தால் ராம்ஸ் இன்னொரு டைம்-அவுட்டைச் செலவழித்திருப்பார்கள், இல்லையென்றால் கடிகாரம் ஓடியிருக்கும். மூன்றாவது டவுனில் கொடி விழுந்திருந்தாலும் விழாவிட்டாலும், ராம்ஸுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும் நேரம் 1 நிமிடம் 41 நொடியாக இருந்திருக்காது.